கிணற்றுத் தண்ணீரும் கனடாக் கிரைண்டரும்: வீட்டுக் கோப்பிக்கு நான் கொடுத்த விலை

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, வீட்டிலேயே நல்ல கோப்பி போடச் சாமான் வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதைப் பற்றி ஆங்கிலத்தில் காணொளிகளுக்குக் குறைவில்லை. எந்தக் கிரைண்டர், எந்த மெஷின், எந்தக் கொட்டை என்று மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கொக்குவில் கிணற்றுத் தண்ணீரில் கோப்பி போட்டதில்லை. ரொறன்ரோவில் வாங்கிய மோட்டரை நம்முடைய மின்சாரத்தில் ஓட்டிப் பார்த்ததுமில்லை. இந்த இரண்டையும் யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேல் கையில் நின்றிருக்கும். பணத்தைவிட, காலையில் ஆசையோடு எழும்பி, முதல் மிடறிலேயே மனம் விட்டுப்போன நாட்கள்தான் எனக்குப் பெரிய நட்டம்.

எங்கள் வீட்டுக்குக் கோப்பி புதிதல்ல. அம்மா கொட்டையைத் தாச்சியில் கறுக்க வறுத்து, மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்து, ரின்னில் அடைத்து வைப்பார். தடிமன் பிடித்தால் அதற்கு இணையான மருந்து இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் கொழும்பில் வேலை பார்த்த காலத்தில், நுவரெலியாப் பக்கத்து அராபிக்காக் கொட்டையை அப்போதுதான் அரைத்து, பாலும் சீனியும் இல்லாமல் வடித்துக் கொடுக்கும் கோப்பிக்குப் பழகிவிட்டேன். மெல்லிய புளிப்பு, தோடம்பழத் தோலின் வாசனை, குடித்து முடித்த பிறகு நாக்கில் தங்கும் ஒரு இனிப்பு. இலங்கை தேயிலைக்கு மாறுவதற்கு முன்னால் கோப்பி நாடாக இருந்தது. 1869 இல் வந்த இலைத்துரு நோய்தான் தோட்டங்களை அழித்தது. எஞ்சிய மலைநாட்டுக் கோப்பி இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இடமாற்றம் கிடைத்து ஊருக்கு வந்தபின் அந்த ருசியை வீட்டில் கொண்டுவர வேண்டும் என்பதுதான் என் ஆசை முழுவதும்.

கொட்டை கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தது. அரைக்க வழியில்லை. சந்திக்குப் பக்கத்து ஆலையில் கொடுத்தேன். கறித்தூள் அரைத்த கையோடு அதே இயந்திரத்தில் போட்டுத் தந்தார்கள். பையைத் திறக்கும்போதே தும்மல் வந்தது, அத்தனையும் வீண். அடுத்ததாக வீட்டு மிக்சியில் அடித்தேன். கோப்பி ஒரே நேரத்தில் கசந்தது, புளித்தது, தண்ணீராகவும் இருந்தது. தூளைக் கூட்டினாலும் குறைத்தாலும் திருந்தவில்லை. ஒரு நாள் அந்தத் தூளை வெள்ளைப் பீங்கான் தட்டில் பரப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். சில துண்டுகள் அரிசிக் குறுணல் அளவு. சில ரவை. மீதி மாவாகி, தொட்டால் விரல் ரேகைக்குள் ஒட்டிக்கொண்டது.

காரணம் அதில்தான் இருக்கிறது. மாவாகிப்போன தூளில் சுடுநீர் பட்டவுடன் சாரமெல்லாம் இறங்கிவிடும். அதோடு நில்லாமல் கசப்பும் துவர்ப்பும் சேர்ந்து இறங்கும். குறுணலிலோ வெளிப்புறம் மட்டும் கரைந்து, புளிப்புத்தான் கோப்பைக்கு வரும். மிக்சியின் அலகு கொட்டையைக் கண்டபடி வெட்டுகிறதே ஒழிய அரைப்பதில்லை. கோப்பிக்கென்று செய்யப்படும் சரியான கிரைண்டர் திரிகையின் வேலையைச் செய்கிறது. பல்லு வைத்த இரண்டு வளையங்களில் ஒன்று அசையாமல் நிற்க மற்றது சுழலும். நடுவில் இருக்கும் இடைவெளிக்கு அடங்காத துண்டு கீழே விழாது. இந்த வளையங்களைத்தான் பர் என்கிறார்கள். இடைவெளியைக் கூட்டிக் குறைத்தால் தூளின் பருமனும் அதற்கேற்ப மாறும். கையில் இருக்கும் காசு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் முதலில் இதற்குத்தான் போகவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சீராக அரைத்த தூளைத் துணி வடியில் வடித்தாலும் நல்ல கோப்பி கிடைக்கும். சீரில்லாத தூளை எந்த மெஷினாலும் காப்பாற்ற முடியாது.

இதை நான் விளங்கிக்கொண்ட நேரத்தில், ஸ்காபரோவில் இருக்கும் மாமாவின் மகன் நல்லூர்த் திருவிழாவுக்கு வரப் புறப்பட்டான். “மச்சான், உனக்கு என்ன கொண்டுவர வேண்டும்?” என்று தொலைபேசியில் கேட்டான். கிரைண்டர் என்றேன். இருநூறு டொலருக்கு மேல் கொடுத்து, உருக்குப் பல்லு வைத்த மின்சாரக் கிரைண்டர் ஒன்றை உடுப்புகளுக்கு நடுவில் பொதிந்து கொண்டுவந்து தந்தான். அடித்தகட்டில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. நமக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்சாரச் சாமான் விற்கும் கடை ஒன்றில் விசாரித்தேன். “தம்பி, ஒரு ஸ்டெப்டவுன் போட்டால் சரி, யோசிக்க வேண்டாம்” என்று பதினாறாயிரம் ரூபாவுக்கு ஒரு மின்மாற்றியைத் தந்தார் கடைக்காரர். வோல்ட் இறங்கியது உண்மைதான். ஆனால் ஹெர்ட்ஸை, அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை தடவை அலையடிக்கிறது என்பதை, அந்த மின்மாற்றி மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கென்று செய்த சில வகை மோட்டர்கள் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும். எனக்கு வந்தது அந்த வகை. முதல் நாளே ஒரு கனத்த முனகல் கேட்டது. இரண்டு பேருக்கு அரைத்து முடிப்பதற்குள் உடம்பு சுட்டது. மாரிமழை முடிவதற்குள் ஒரு காலையில் வார்னிஷ் எரியும் நெடி வந்தது, அப்படியே நின்றுபோய்விட்டது. சுன்னாகத்தில் மோட்டர் சுற்றுபவர் கழற்றிப் பார்த்துவிட்டு, “கம்பி கருகிவிட்டது தம்பி. சுற்றித் தரலாம். ஆனால் இந்த மின்சாரத்தில் திரும்பவும் இதுதான் நடக்கும்” என்று நேர்மையாகச் சொன்னார். உத்தரவாதம் கனடாவுக்குள் மட்டும் செல்லுபடியாகும். மச்சானிடம் இதைச் சொல்ல எனக்கு வெகுநாட்களாக மனம் வரவில்லை. ஆசையாகச் சுமந்து வந்தவன் அவன்.

ஆகவே வெளிநாட்டு உறவினர்கள் என்ன வேண்டும் என்று கேட்டால், அவர்கள் எந்த நாட்டிலிருந்து வருகிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். இலண்டனில் வாங்கும் மின்சாரச் சாமான் இங்கே அப்படியே ஓடும். மூன்று சதுர முள்ளுள்ள பிளக்கும் நம்முடையதுதான். பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ் என்றால் வோல்ட்டும் ஹெர்ட்ஸும் ஒன்றுதான். பிளக்குக்கு மட்டும் ஒரு மாற்றி வேண்டும். அவுஸ்திரேலியாவும் அப்படியே. கனடாவிலும் அமெரிக்காவிலும் இருந்து வருகிறவர்களிடம் மின்சாரத்தில் ஓடும் கோப்பிச் சாமான் எதையும் கேட்க வேண்டாம். கையால் சுற்றும் கிரைண்டரைக் கேளுங்கள். ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டதென்றால் அடித்தகட்டைப் படியுங்கள். 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தால் பயமில்லை. 120 வோல்ட் மட்டும் என்றால், ஹெர்ட்ஸைப் பொருட்படுத்தாத டி.சி. (நேர்மின்னோட்ட) மோட்டர் உள்ளதா என்று விசாரித்து, அப்படியிருந்தால் மட்டும் மின்மாற்றி வாங்குங்கள். அதுவும் கிரைண்டரின் வாற்றைப் போல இரண்டு மடங்கு தாங்கக்கூடியதாக. மோட்டர் புறப்படும் கணத்தில் இழுக்கும் மின்சாரம் அதிகம். கேத்தல், எஸ்பிரஸோ மெஷின் (சுடுநீரை அழுத்தத்தோடு தூளுக்குள் தள்ளிக் கோப்பி இறக்குவது) போன்ற சூடாக்கும் சாமான்களுக்கு மின்மாற்றி போடுவது காசுக்குக் கட்டுப்படியாகாது.

கிரைண்டர் எரிவதற்கு முன்னமே எஸ்பிரஸோ மெஷின் வந்துவிட்டது. கொழும்பில் ஒரு கடையில் எண்பத்தையாயிரம் ரூபா. பெட்டியில் பெரிய எழுத்தில் 20 பார் என்று போட்டிருந்தது. விற்றவரும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். எஸ்பிரஸோவுக்குத் தூளின் மேல் விழவேண்டிய அழுத்தம் ஏறத்தாழ 9 பார். பெட்டியில் இருப்பது பம்பினால் அதிகபட்சம் தரக்கூடிய அழுத்தம். அந்த எண் கூடுவதால் கோப்பி நன்றாவதில்லை. இந்த விலையில் வரும் மெஷின்கள் பலவற்றில் தூள் போடும் கிண்ணத்துக்கு இரட்டை அடி இருக்கும். வெளி அடியில் ஒரேயொரு ஊசித்துளை. எப்படி அரைத்த தூளையும் அந்தத் துளை நுரையாக்கிவிடும். பார்க்க அழகாக இருக்கும், ருசி இருக்காது. ஒற்றை அடிக் கிண்ணம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அதைப் பயன்படுத்துவதற்கு மிக நுண்ணியதாக, சிறு சிறு படியாக மாற்றி அரைக்கக்கூடிய கிரைண்டர் வேண்டும். நல்லதென்றால் அதுவே மெஷினின் விலைக்குக் கிட்ட வரும். இந்தக் கணக்கைக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆனால் என் மெஷின் பழுதானது இதனால் அல்ல. சில மாதங்களில் கோப்பி விழும் தாரை நூலாக மெலிந்தது. பம்ப் இரைந்தது. பால் நுரைக்கும் குழாயில் ஆவிக்குப் பதில் துளிகள் விழுந்தன. திருப்பி அனுப்பினேன். உள்ளே சுண்ணாம்பு அடைத்திருக்கிறது, கடின நீரால் வரும் பழுதுக்கு உத்தரவாதம் இல்லை என்று ஒரு தாளை இணைத்து, திருத்தாமலே அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. யாழ்ப்பாணத்து முகவரிக்கு அனுப்புகிறோம் என்று தெரிந்தே விற்றவர்கள், தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நம் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. மழைநீர் அந்தக் கல்லுக்குள் இறங்கி, கல்சியத்தையும் பைகாபனேற்றையும் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. சூடாக்கும்போது அது திரும்பவும் கல்லாகப் படிகிறது. கேத்தலின் அடியில் செதில் செதிலாக எழும்பும் வெள்ளைப் படையை இங்கே எந்தக் குசினியிலும் பார்க்கலாம். அதே படைதான் மெஷினுக்குள் இருக்கும் நூல்போன்ற குழாய்களிலும் படிகிறது. ருசி விஷயம் இன்னும் முக்கியம். கோப்பியின் மெல்லிய புளிப்பை அந்தப் பைகாபனேற் நடுநிலையாக்கிவிடும். ஒரே கொட்டை, ஒரே அரைப்பு, ஒரே அளவு எடுத்து, ஒரு கோப்பையைக் கிணற்றுநீரிலும் மற்றதைக் கடையில் வாங்கிய போத்தல்நீரிலும் போட்டுப் பார்த்தேன். போத்தல்நீர்க் கோப்பியில் தோடம்பழ வாசனை எழுந்தது. கிணற்றுநீர்க் கோப்பியில் கசப்பும், சோக்குத்தூள் தொட்ட நாக்கு மாதிரி ஒரு மந்தமும்தான். அத்தனை காலமும் நான் கொட்டையையும் கிரைண்டரையும் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். காசு செலவழிப்பதற்கு முன்னால் இந்தச் சோதனையை உங்கள் வீட்டில் செய்துபாருங்கள். ஒரு போத்தல் தண்ணீரின் விலைதான் செலவு.

இப்போது நான் செய்வது இது. வடிகட்டும் நிலையத்தில் வாங்கும், கனிமங்களைப் பெரும்பாலும் நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரில் நான்கில் ஒரு பங்குக்குக் குறைவாக எங்கள் கிணற்றுநீரைக் கலக்கிறேன். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் பாவித்தால் கோப்பி வெறுமையாக இருக்கிறது. சாரத்தை இழுக்கத் தண்ணீரில் கொஞ்சம் கனிமம் வேண்டும். கோப்பிக்கென்று பரிந்துரைக்கப்படும் கடினத்தன்மை, கல்சியம் காபனேற்றுக் கணக்கில், ஏறத்தாழ லீற்றருக்கு 50 முதல் 175 மில்லிகிராம் வரை. கிணற்றுக்குக் கிணறு தண்ணீர் மாறும் என்பதால் என் அளவு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். நாக்கை நம்பிக் கூட்டிக் குறையுங்கள். தண்ணீரில் கரைந்திருப்பதன் மொத்த அளவைக் காட்டும் சின்ன டி.டி.எஸ். மானியை மட்டும் நம்ப வேண்டாம். உப்பையும் சுண்ணாம்பையும் அது பிரித்துக் காட்டாது. உவர் ஏறிய கிணறென்றால் கலப்பதையே விட்டுவிட்டு, வாங்கும் தண்ணீருக்குப் போய்விடுங்கள். ஆர்.ஓ. கிடைக்காத இடத்தில், நல்ல கிணற்றுநீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிந்ததை விட்டு மேலே தெளிந்ததை எடுத்துக் கொதிக்கவைத்தாலும் கடினத்தன்மை ஓரளவு குறையும். ஏற்கெனவே படிந்ததைப் போக்கச் சிட்ரிக் அமிலத்தூளைச் சுடுநீரில் கரைத்து ஊறவிடுங்கள். தேசிக்காய்ச் சாறும் வேலை செய்யும், ஆனால் அதன் தும்பு மெஷின் குழாயில் போய் அடைக்கும். கேத்தலுக்கு மட்டும் அது சரி.

கிரைண்டருக்கு நான் கடைசியில் வந்து நின்றது கையால் சுற்றுவதில். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் போனதை நாம் யாரும் மறக்கவில்லை; வோல்ட்டைப் பற்றிய கவலையும் இதில் இல்லை. முப்பதாயிரம் ரூபாவுக்குக் கிட்டச் செலவானது. அதே தரத்துக்கு மின்சாரத்தில் வாங்குவதானால் இரண்டு மடங்காவது வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பீங்கான் பல்லுக் கிரைண்டர்களைத் தவிருங்கள். அவற்றில் பலவற்றில் உள்பல்லைத் தாங்கும் தண்டு ஆடும். பருமனாக அரைக்கும்போது ஒரு பக்கம் இடைவெளி கூடி, மறுபக்கம் குறைந்து, மிக்சி மாதிரியே தூளும் குறுணலும் சேர்ந்து விழும். கடையில் கையில் எடுத்து, கீழே தெரியும் உள்பல்லை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள். தண்டு மேலும் கீழும் பெயாரிங்கில் நிற்கவேண்டும், பல்லு உருக்காக இருக்கவேண்டும், பருமனை மாற்றும் வளையம் ‘கிளிக்’ என்று படிபடியாக நிற்கவேண்டும். டைம்மோர் சி2 போன்றவை இந்த வகை. வடிக்கும் கோப்பிக்கு அது தாராளம். எஸ்பிரஸோவுக்கு அதன் படிகள் பெரியவை. ஒரு தடவையில் 20–25 கிராமுக்கு மேல் கொள்ளாது என்பதால் வீட்டில் ஆட்கள் அதிகமென்றால் இரண்டு தரம் அரைக்க நேரிடும். தண்ணீரில் கழுவ வேண்டாம், துருப்பிடிக்கும், தூரிகை போதும். மல்லியையும் வேர்க்கொம்பையும் ஒருபோதும் அதற்குள் போடாதீர்கள். வேர்க்கொம்பின் நார் பல்லில் சிக்கும், வாசனையும் லேசில் விடாது. அம்மா அவற்றை உரலில் தனியே இடித்து, நான் அரைத்துக் கொடுக்கும் தூளோடு கலக்கிறார்.

கோப்பி போடும் சாமான்களைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. பால் இல்லாமல் குடிப்பவருக்கு பிரெஞ்ச் பிரஸ் போதும். பருமனாக அரைத்து, நான்கு நிமிடம் ஊறவிட்டு, அழுத்தி ஊற்றினால் முடிந்தது. கண்ணாடியை விட்டு உருக்கில் வாங்குங்கள். வீ60 என்கிற கூம்பு வடியில் கோப்பி இன்னும் தெளிவாக வரும். ஆனால் அதற்குரிய கடதாசி வடி எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்காமல் ஒவ்வொரு தடவையும் கொழும்பிலிருந்து எடுப்பிக்கவேண்டியிருந்தது. தடித்த பருத்தித்துணியில் தைத்த வடி அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும். பாலோடு குடிக்கும் வீடென்றால், நம் வீடுகளில் பெரும்பாலும் அதுதானே, மோக்கா பொட் வாங்குங்கள். 1933 இல் இத்தாலியில் பியாலெத்தி வடிவமைத்த அந்தச் சின்னக் கேத்தல், எண்பத்தையாயிரம் ரூபா மெஷின் செய்யாததை எனக்குக் காஸ் அடுப்பில் செய்து தருகிறது. தண்ணீர் வால்வுக்குக் கீழே நிற்கவேண்டும், தூளை அமுக்கக்கூடாது, தீ குறைவாக இருக்கவேண்டும், சீறத் தொடங்கியதும் இறக்கிவிடவேண்டும். நம் ஊர்த் தண்ணீரில் இதற்கு ஒரு ஆபத்தும் உண்டு. சுண்ணாம்பு அந்தப் பாதுகாப்பு வால்வை அடைத்துவிட்டால் அழுத்தம் வெளியேற வழியிருக்காது. வால்வின் ஊசியை அடிக்கடி விரலால் அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் அடுப்பில் வைக்காதீர்கள். சென்னையிலிருந்து யாராவது பில்டர் கொண்டுவந்தால் அதுவும் நல்லதுதான், டிக்காஷன் இறங்கப் பொறுமை வேண்டும்.

தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். நகை நிறுப்பதற்கு விற்கும் சின்ன மின்தராசு தாராளம். 250 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 15 கிராம் கொட்டை என்பது நல்ல தொடக்கம். கரண்டிக் கணக்கில் போட்டுக்கொண்டிருந்தவரை நேற்று நன்றாக வந்த கோப்பி இன்று ஏன் வரவில்லை என்று எனக்குப் பிடிபட்டதேயில்லை.

கொட்டை வாங்கும்போது வறுத்த திகதி பொதியில் இருக்கிறதா என்று பாருங்கள். காலாவதித் திகதி மட்டும் போட்டிருந்தால் அது எந்தக் காலத்தில் வறுத்தது என்று அறிய வழியில்லை. நம் வெக்கையில் திறந்த பொதி சீக்கிரம் வாசனை இழக்கும். மார்கழி ஈரத்தில் இன்னும் மோசம். பஸ் கூலியை மிச்சம் பிடிக்க ஒரேயடியாக ஒரு கிலோ எடுப்பித்தால், வந்தவுடன் ஒரு கிழமைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, காற்றில்லாமல் ஒட்டி, பிரிட்ஜின் உறைபகுதியில் வையுங்கள். வெளியே எடுத்த பொதியை அறை வெப்பத்துக்கு வந்தபிறகுதான் திறக்கவேண்டும். குளிரோடு திறந்தால் கொட்டையில் நீர் கோத்துவிடும். திறந்ததைத் திரும்ப உள்ளே வைக்க வேண்டாம்.